ஒரு ரூபாய் மாதிரி இருக்கும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், டிரைவருக்கு மனசிருந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஒரு நிறுத்தத்தில் இருக்கிறது என் பள்ளிக்கூடம். ஆசிரியர்கள் இரண்டே பேர். நாலாவதும் ஐந்தாவதும் தலைமையாசிரியைக்கு, மற்ற மூன்று வகுப்பும் எனக்கு. எனக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. முன்னால் தொந்தி, மேலே வழுக்கை, நடுவில் ஒரு வாய். அந்த வாயை வைத்துத்தான் இத்தனை வருஷமாக வண்டி ஓடுகிறது. வகுப்பில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பிள்ளைகள் சிரிக்காவிட்டால் எனக்குச் சம்பளம் வாங்கக் கூச்சமாக இருக்கும். மற்ற நேரங்களில் அந்தக் கூச்சம் வந்ததில்லை.

மூன்றாம் வகுப்புக் கணக்கில் பணம் என்று ஒரு பாடம். கடை வைத்து விளையாட வேண்டும். பெஞ்சைக் குறுக்கே போட்டு, காலி சோப்பு டப்பா, தீப்பெட்டி, களிமண் கத்தரிக்காய் எல்லாம் அடுக்கி, தாளில் வெட்டிய காசை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, "வாங்கய்யா, வாங்கம்மா, இன்னைக்கு மட்டும் மலிவு" என்று கூவினேன். முதலில் வந்த பயல் காசை ஜோபியில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையை சோப்பு டப்பாவுக்கு நேரே நீட்டினான்.

"என்னாடா பண்ற?"

"ஸ்கேன் பண்றேன் சார்."

பின்னால் இருந்து ஒருத்தி கடைகளில் வைத்திருக்கிற பேசும் பெட்டியின் குரலில், "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்றாள். வகுப்பே விழுந்து புரண்டது. தாள் காசு மின்விசிறிக் காற்றில் பறந்து வாசலைத் தாண்டிப் போயிற்று. ஒரு பிள்ளையும் துரத்தவில்லை.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருகிற நாளில் யாராவது என்னைக் கட்டிப்போட வேண்டும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். நிஜக் காசைக் கையில் பிடித்துப் பார்க்காத பிள்ளைக்குப் பணத்தைப் பற்றி எப்படிச் சொல்லிக் கொடுப்பது? "நாளைக்கு ஆளுக்கு ஒரு ரூபா காசு, ஒன்னே ஒன்னு, வீட்லேர்ந்து கொண்டாங்க. சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுவேன். சார் எங்கயும் ஓடிட மாட்டேன், இந்தத் தொந்திய வச்சிக்கிட்டு ஓடவும் முடியாது" என்றேன்.

தலைமையாசிரியை எச்சரித்தார். "பசங்க கிட்ட காசு வாங்காதீங்க சார். எவனாவது போட்டோ எடுத்துப் போட்ருவான்."

"ஒரு ரூபா வாங்குனதுக்கா மேடம் போடுவான்? என் மரியாத அவ்ளோ கீழ எறங்கிடுச்சா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் தப்பித்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எல்லாரும் கொண்டு வந்தார்கள். சிலது ஜோபிக்குள், சிலது ஜியோமெட்ரி பாக்ஸில், ஒன்று வாய்க்குள். முதல் பெஞ்சில் உட்கார்கிற ஒரு பெண்பிள்ளை மட்டும் காசைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. அப்பா போன வருஷம் பைபாஸில் லாரி மோதி இறந்துவிட்டார். அம்மா முந்திரிக் கம்பெனியில் பருப்பு உடைக்கப் போகிறார். காகிதத்தைப் பிரித்தால் காசு முழுக்க வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

"என்னாம்மா, காசுக்குப் பவுடர் போட்டுக் கூட்டியாந்திருக்க?" என்றேன். சிரிப்பு. அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து, எல்லாக் காசையும் உள்ளே போட்டு, பிள்ளைகளை விட்டுக் கழுவித் துடைக்கச் சொன்னேன். வாயிலிருந்து வந்த காசு ஒன்று இருந்ததே, அதற்காக. பிறகு காசின் பக்கங்களைப் பார்க்க வைத்தேன். ஒரு பக்கம் சிங்கம். மறுபக்கம் சிலதில் கட்டைவிரலைத் தூக்கிய கை, சிலதில் பூ. "கை போட்டது ஜாஸ்தியா, பூ போட்டது ஜாஸ்தியா?" என்று கேட்டேன். கை போட்டதுதான் என்றது ஒரு கூட்டம், பூதான் என்றது இன்னொரு கூட்டம், சண்டையே வந்துவிட்டது. "ரெண்டுக்கும் ஒரே மிட்டாய்தான் குடுப்பாங்க. எல்லா ஒரு ரூபாயும் ஒன்னுதான், அதான் காசு" என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். அன்றைக்குக் கடை விளையாட்டு பிரமாதமாக நடந்தது. களிமண் கத்தரிக்காய்க்கு அடிதடி. என் கல்லாப்பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின்.

சாயங்காலம் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு ஒரு காசைக் கையில் வைத்தேன். அந்தப் பிள்ளை தன் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"சார், இது எங்கப்பாது இல்ல."

"ஏன், உங்கப்பா பேரு எழுதியிருந்துச்சா அதுல?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் காசை மடித்துக் கொண்டுவந்த அதே காகிதத்தில் வைத்து மடித்துக்கொண்டு போனாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் அப்போது கேட்கவில்லை. சிரிப்புச் சத்தத்தில் எனக்கு மற்ற சத்தங்கள் கேட்பதில்லை.

புதன்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன்பே அவள் அம்மா வேப்பமரத்தடியில் நின்றார். கம்பெனிக்குப் போகிற கோலம். முந்திரி எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருந்தது. ஒரு கையில் மகள்.

"சார், பாப்பா நேத்து ஒரு காசு கொண்டாந்துச்சாம்."

"ஆமாம்மா. திருப்பிக் குடுத்துட்டேனே."

"குடுத்தீங்க சார். அது எங்க காசு இல்ல."

நான் சட்டை ஜோபியில் கைவிட்டேன். "வேணும்னா ரெண்டா வாங்கிக்கம்மா. வட்டியோட."

அவர் சிரிக்கவில்லை. "அது அவரு நெத்தியில வச்ச காசு சார்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இறந்தவர் நெற்றியில் சந்தனம் வைத்து ஒரு ரூபாய் காசை ஒட்டுவார்கள். பாடை இறங்கினதும் சுடுகாட்டு வேலைக்காரர் எடுத்துக்கொள்வார், அது அவர் உரிமை. சிலர் அவரிடம் பேசி அதை வாங்கி வந்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் காசு இருக்கிற வரைக்கும் போனவர் சம்பாத்தியம் வீட்டை விட்டுப் போகாது என்று நம்பிக்கை. இந்த வீட்டில் அந்தப் பெண்ணின் கொழுந்தன், அதாவது இறந்தவரின் தம்பி, நூறு ரூபாய் கொடுத்து அதை வாங்கி வந்திருக்கிறார். ஒரு ரூபாயின் விலை நூறு ரூபாய். நான் நடத்துகிற எந்தப் பாடத்திலும் அந்தக் கணக்கு இல்லை.

போட்டோவுக்கு முன்னால் விபூதிக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார்கள். வீட்டில் வேறு சில்லறையே கிடையாது. கம்பெனிக் கூலி பேங்கில் விழும், ஏடிஎம் கார்டு கொழுந்தனிடம். காசு கேட்ட பிள்ளையிடம் சித்தப்பா, "உங்க சாருக்கு வேற வேல இல்லியா" என்று சொல்லிவிட்டு லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. சார் சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்ற தைரியத்தில் பிள்ளை கிண்ணத்தில் கை வைத்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழம தலத்தெவசம் சார். படையல்ல மொத மொத கொழுந்தன் அந்தக் காசத்தான் எடுத்து வைப்பாரு. அதுக்குள்ள வேணும். அவருக்குத் தெரியக்கூடாது."

"தெரிஞ்சா?"

அவர் மகளின் தலையைத் தடவினார். "எங்கள வெளிய அனுப்ப ஒரு வருசமா காரணம் தேடிக்கிட்டு இருக்காங்க சார். வீடு மாமனாரு பேர்ல இருக்கு. நானு பொண்ணு ஒன்ன வச்சிக்கிட்டு ஒரு ரூம அடைச்சிக்கிட்டு இருக்கேன்."

"கவலப்படாதம்மா. எங்க போயிடப் போவுது, இங்கதான் எவன் கிட்டயாவது இருக்கும். அந்தக் காசு எப்படி இருக்கும்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஒரு ரூபா மாதிரி இருக்கும் சார்."

"அடையாளம் ஏதாச்சும்?"

"ஒரு பக்கம் சிங்கம் இருக்கும்."

"அது எல்லாத்துலயும் இருக்கும்மா. அந்தப் பக்கம் கையா, பூவா?"

"அதப் போயித் திருப்பித் திருப்பியா சார் பாப்பாங்க? விபூதி அப்பியிருக்கும்."

வகுப்பு மூலையில் நேற்றைய வாளி கவிழ்த்து வைத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிள்ளையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் வகுப்பில் கேட்டேன். "நேத்து குடுத்த காச எல்லாரும் நாளைக்குத் திரும்பக் கொண்டாங்க. சார் அத வச்சி ஒரு மேஜிக் செய்யப் போறேன்." பாதிப்பேர் பேயறைந்த மாதிரி முழித்தார்கள். வெளியே பெட்டிக்கடையில் தேன் மிட்டாயும் கமர்கட்டுமாக அவர்கள் நேற்றே மேஜிக் செய்து முடித்திருந்தார்கள்.

பெட்டிக்கடைக்கார அம்மாவிடம் ஓடினேன். நாற்பது வயசுக்காரர், ஊருக்கே செய்தி நிறுவனம். சும்மா கேட்டால் கல்லாவைத் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் விஷயத்தைச் சொல்லி, "யாரு கிட்டயும் மூச்சு வுடாத" என்றேன். கல்லாவைத் திறக்க வைக்கிற சாமர்த்தியம் எனக்கு இருந்தது. அதன் பிறகு அந்த வாயை மூட வைக்கிற சாமர்த்தியம் இருக்கிறதா என்று நான் யோசிக்கவே இல்லை.

"ஐயய்யோ! அந்தக் காசா என் கல்லாவுல?" அவர் நெஞ்சில் கைவைத்தார். "சில்லறய பூரா காலைல மொத பஸ்ஸு கண்டக்டர் கிட்ட குடுத்து நோட்டா வாங்கிட்டேன் சார். டெய்லி அவருதான் வாங்கிக்குவாரு. இப்ப இருக்கறது ரெண்டே ரெண்டு, தோ, எடுத்துக்க. எனக்கு வேணாம்பா."

மத்தியானம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தோல் பை.

"அண்ணே, காலைல பெட்டிக்கடையில சில்லற வாங்குனீங்கல்ல? அதுல ஒரு ரூபா மாறிப் போச்சி."

அவர் பைக்குள் கைவிட்டு ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார். "இதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்த?"

"இது இல்லண்ணே. வேற ஒரு ரூபா."

அவர் சாப்பிடுவதை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி சொன்னார். "வெயில் ஜாஸ்தி சார். தோ அங்க மோர் விக்கிறான். ஒரு டம்ளர் குடிச்சிட்டு அப்பிடி நெழல்ல உக்காரு. வீட்டு நம்பர் இருந்தா குடு."

வேறு வழியில்லாமல் அவரிடமும் சொன்னேன். அவர் கையிலிருந்த காசை உதறினார். அது படியில் உருண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. "அதான்யா! காலைலேர்ந்து கலெக்சனே இல்லியேன்னு பாக்குறேன்" என்று டிரைவரிடம் கத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, பையைத் துண்டில் கொட்டிப் பரப்பினார். அதற்குள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்ட கூட்டத்துக்கு நடுவில் நான் குனிந்து ஒரு ரூபாய்களைத் தனியே பிரித்தேன். வியர்வை மூக்கு நுனியிலிருந்து காசின் மேல் சொட்டியது. விபூதி எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? சோப்பு நல்ல சோப்பு, நானே காசு கொடுத்து வாங்கியது.

"கை போட்டதா சார், பூ போட்டதா?" என்றார் கண்டக்டர்.

"தெரியலண்ணே."

"என்னா சார் நீ, வாத்தியாரா இருந்துக்கிட்டு."

பத்து ரூபாய் நோட்டுகளைக் கொடுத்து அவரிடமிருந்த ஒரு ரூபாய்களை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. நூறு ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் வாங்கினவரை விட எனக்கு லாபம்தான் என்று பஸ்ஸில் எனக்கு நானே ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் கூட்டம். பெட்டிக்கடை அம்மா மூச்சு விட்டுவிட்டார். செத்தவன் நெற்றிக்காசைச் சார் எந்தப் பிள்ளையிடமோ கொடுத்துவிட்டார், அது யார் வீட்டில் இருக்கிறதோ தெரியாது.

"எங்க வீட்டு அரிசி டப்பாவுல போட்டு வச்சேன் சார் அந்தக் காச! இப்ப அந்த அரிசிய என்னா பண்றது, நீ திம்பியா?" என்று ஒருத்தர். சின்னப்பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் ஜுரம் என்று இன்னொருத்தர். சாமி உண்டியலில் போட்டுவிட்டோமே, இனி அந்த உண்டியலை என்ன செய்வது என்று ஒரு தாத்தா. ஒவ்வொருவராக வந்து காசை என் மேஜை மேல் வைத்தார்கள். வைத்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். காசை மிட்டாயாக மாற்றிய பிள்ளைகளின் வீட்டிலிருந்தும் காசு வந்தது. சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று.

"பொணத்து நெத்திக்காசையும் வுடமாட்டான்னு சொல்லுவாங்க. இன்னைக்குத்தான்யா ஆளப் பாத்தேன்" என்றார் கூட்டத்தில் ஒருவர். இதே வசவை எத்தனை பேரைப் பற்றி நான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அது அளவெடுத்துத் தைத்த மாதிரி என் மேல் பொருந்தியது.

ஒருவர் மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார். சீட்டாட்டக்காரர். நெற்றிக்காசு கையில் இருந்தால் சீட்டு தானாக விழும் என்பது அவர்கள் கணக்கு. "அதுவா இருந்தா எனக்கு நல்லதுதான் சார்" என்று ஜோபியைத் தட்டிக்கொண்டு போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திரும்பி வந்து காசை டின்னுக்குள் போட்டார்.

"அது இல்ல சார் இது. எண்ணூறு தோத்துட்டேன்."

கண்டக்டரிடம் வாங்கியதும் சேர்ந்து டின் கனத்துவிட்டது. அந்தக் காசு அதற்குள் இருக்கலாம். பிள்ளைகள் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். "ஒன்ன எடுத்து விபூதியில பொரட்டிக் குடுத்துடுங்க சார். யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கும் அதே எண்ணம்தான். சொல்லப்போனால் பக்கத்து ஊர்க் கோயிலிலிருந்து விபூதிப் பொட்டலம் ஒன்று காலையிலேயே என் பையில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் பொட்டலத்தைப் பிரிக்கவும் லோடு ஆட்டோ வந்து வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

முப்பத்தைந்து வயதிருக்கும் அந்தத் தம்பிக்கு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வருகிற அண்ணனின் முகம் அப்படியே இருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"எங்கண்ணன் காசு எங்க சார்?"

நான் டின்னை நகர்த்தினேன். மடித்து மறைத்த விபூதிப் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் மேஜையில் சிந்தியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். உட்கார்ந்து ஒவ்வொரு காசாக எடுத்தார். கட்டைவிரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, ஒருபக்கமாக வைத்தார். முதலில் வேகமாக எடுத்தார். எங்கண்ணன் காசா இருந்தா எனக்குத் தெரியும் என்பது போல. போகப் போகக் கை மெதுவானது. ஒதுக்கி வைத்த காசுகளில் ஒன்றை மறுபடி எடுத்தார், இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்தார், இரண்டையும் வைத்துவிட்டார். அதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பெஞ்சில் அந்தப் பிள்ளை சித்தப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காசு வந்தது. அவருக்கும் தெரியவில்லை.

"நான்தான் சார் என் கையால சந்தனம் வச்சி ஒட்டுனேன்" என்றார். அந்தக் காசை அவருக்கே அடையாளம் தெரியவில்லை என்பதற்கு நாங்கள் சாட்சி ஆகிவிட்டோம் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து பெஞ்சின் பக்கம் திரும்பினார். "உங்கம்மா குடுத்து அனுப்புனாளா?"

"இல்ல சித்தப்பா. நானே எடுத்தேன்."

"அவ சொல்லாம நீ எடுப்பியா?"

"சாரு கேட்டாங்க" என்றாள் பிள்ளை.

"ஆமாங்க, நான்தான் கேட்டேன். அந்தம்மாவுக்கு ஒன்னும் தெரியாது. எல்லாத்தையும் கொண்டு போயி வச்சிடுங்களேன், அதுல அதுவும் இருக்கும்ல" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"ஊரான் ஊட்டுக் காசையெல்லாம் எங்கண்ணனுக்குப் படைக்கச் சொல்றியா? உன் வேலயப் பாரு சார்" என்றார். "எங்க ஊட்டு லச்சுமிய வெளிய அனுப்பிட்டா. இதுக்கு மேல என்னா இருக்கு." லோடு ஆட்டோ போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கரும்பலகையில் செவ்வாய்க்கிழமை நான் எழுதியது இன்னும் அழியாமல் இருந்தது. போய் அழித்தேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளை வரவில்லை. திங்கட்கிழமை அம்மாவும் மகளும் வந்தார்கள். இரண்டு கட்டைப் பை, ஒரு சூட்கேஸ்.

"டிசி வேணும் சார். ஸ்ரீமுஷ்ணம் பக்கம், எங்கம்மா ஊட்டுக்குப் போறோம்."

"என்னாம்மா சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல சார். படையல்ல அந்த விபூதிக் கிண்ணத்தக் காலியாவே வச்சாரு. எல்லாரும் பாக்கட்டும்னு. வந்தவங்க எல்லாம் பாத்தாங்க. அப்பறம் என்னா சார் இருக்கு, சொல்றதுக்கு."

தலைமையாசிரியை மாற்றுச் சான்றிதழை எழுதினார். விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "பெற்றோர் விருப்பம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் பீரோவிலிருந்து டின்னை எடுத்து வந்தேன். "இதக் கொண்டு போங்கம்மா. எதுவா இருந்தாலும் உங்களோடவே இருக்கட்டும்."

"எத்தன பேரு ஊட்டுக் காசு சார் அது. எனக்கெதுக்கு" என்றார்.

சாமான் இருந்ததால் சிதம்பரம் வரைக்கும் கூடப் போனேன். கூட வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு சாலையில் நின்றோம். பெட்டிக்கடை அம்மா பிள்ளையின் கையில் இரண்டு தேன் மிட்டாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்து நின்றது அதே பஸ். நானும் அவர்களும் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டார். பாதி பஸ்ஸைத் தாண்டிச் சத்தமாகக் கேட்டார்.

"என்னா சார், கெடச்சிதா உன் ஒரு ரூபா?"

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிச் சிரித்தார்கள். எனக்கு வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நாக்கு நுனியில் ஒன்று ரெடியாக இருக்கும். அன்றைக்கு வாயைத் திறந்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பக்கத்தில் வந்தார். சூட்கேஸைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சத்தமாகப் பேசவில்லை.

நான் பணம் எடுப்பதற்குள் அந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நோட்டை நீட்டிவிட்டார். "எங்களுக்கு மட்டும் சார்" என்றார் என்னிடம். கண்டக்டர் பிள்ளைக்கு டிக்கெட் கிழிக்கவில்லை. மீதியை எண்ணி எடுத்தார். சில்லறையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார், பிறகு கொடுத்தார். அந்தம்மா நோட்டை முடிந்துகொண்டு சில்லறையை மகளிடம் கொடுத்தார், பிடித்துக்கொள்ளச் சொல்லி.

நான் பின் சீட்டில் இருந்தேன். ஜன்னலோரம் அவள் பின்னந்தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. தேன் மிட்டாயை மடியில் வைத்துவிட்டு, சில்லறையிலிருந்து ஒரு ரூபாயைத் தனியே எடுத்தாள். சிங்கத்தைப் பார்த்தாள். திருப்பினாள். பாவாடையில் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மறுபடி திருப்பினாள். பஸ் சிதம்பரத்துக்குள் நுழைகிற வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை.